பலகையின் அடிப்பக்கம்

மே 27

மருத்துவர் அடுத்த சந்திப்பு வரை இடது கையால் கம்பியைத் தொடக் கூடாது என்று சொல்லியிருப்பதால், கிடாரை அலமாரியில் பூட்டிவிட்டு, அதன் ஒலியை மாற்றும் மிதிபெட்டிகளான பெடல்களைப் பொருத்திய பெடல்போர்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒழுங்கான பலகைதான். அடிப்பக்கத்தில் மின்வயரும் ஒலிவயரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பெடல்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிள்களில் எது எந்தப் பெடலுக்குப் போகிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் மட்டுமே தெரியும் நிலையில் இருக்கின்றன. நெய்யாற்றின்கரை நிகழ்ச்சி ஜூன் 15. அன்று இதை மிதிக்கப் போவது என் கால் அல்ல, சித்தி மகனுடைய கால். மேடையில் பாதிப் பாட்டில் சத்தம் நின்றுபோனால், இருட்டில் குனிந்து எங்கே கை வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

மே 28

நாள் முழுவதும் மழை. எல்லாப் பெடல்களையும் கழற்றி, ஜாக்குகளைத் துடைத்தேன்.

மே 30

பலகை அயினி மரம். ஐந்து சட்டங்கள், நடுவே வயர் இறங்குவதற்கு இடைவெளி. பழைய வெல்க்ரோவின் பசை இந்த ஈரக் காற்றில் இளகி, பெடலைத் தூக்கினால் பட்டையும் சேர்ந்து உரிந்து வருகிறது. அடியில் ரப்பர் ஒட்டியிருக்கும் பெடல்களில் வெல்க்ரோ எப்போதுமே சரியாகப் பிடிப்பதில்லை. அதனால் அடிக்கடி மிதிபடும், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கும் எதிரொலி தரும் டிலேக்கும் சைக்கிள் செயின் கண்ணி வைக்கத் தீர்மானித்தேன். கண்ணியின் பக்கத்தகட்டில் இரண்டு துளைகள் உண்டு; அவற்றின் மையங்களுக்கு இடையே 12.7 மில்லிமீட்டர். ஒரு துளையில் பெடலின் அடித்தகட்டு ஸ்க்ரூ ஏறும். மற்றொன்றை மரத்தில் முடுக்கலாம். மார்த்தாண்டம் சைக்கிள் கடைக்காரர் ஒரு பழைய செயினைக் காசு வாங்காமல் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானாகவே விளக்கினேன்.

பெரும்பாலான பெடல்களில் உள்ளீடு வலப்பக்கம், வெளியீடு இடப்பக்கம். ஆகவே ஒலி வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஆனால் ஒலி ஓடும் வரிசையிலேயே பெடல்களை அடுக்கியாக வேண்டும் என்பதில்லை. சுருதி பார்க்கும் ட்யூனர் வரிசையில் முன்னால் இருந்தாலும் பலகையில் பின்வரிசைக்குப் போகலாம், ஏனென்றால் அதைப் பாட்டுக்கு நடுவில் யாரும் அவசரமாக மிதிப்பதில்லை. முன்வரிசை முழுவதும் காலுக்குச் சொந்தம். இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே ஒரு செருப்பின் அகலமாவது இருக்க வேண்டும். அவனுடைய பாதம் என்னுடையதைவிட அகலம் என்பதால் அவனை வரவழைத்து, செருப்போடு நிற்க வைத்து, பென்சிலால் குறித்தேன்.

ஜூன் 1

ஆராதனை முடிந்து வந்ததும் அவன் பலகையை ஆம்பில், அதாவது கிடாரின் ஒலிபெருக்கியில், இணைத்து வாசித்துப் பார்த்தான். ஹம் என்கிற ரீங்காரம் இருக்கிறது. மெல்லியது, அடித்தொண்டையிலிருந்து வருவது போன்றது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நிகழ்ச்சியில் ஜெபத்திற்காக எல்லோரும் அமைதியாகும் இடங்களில் இது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இன்று வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

ஜூன் 2

திருவனந்தபுரம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரவில்லை.

ஜூன் 4

குழித்துறையில் ரயில் ஏறி, மருத்துவமனையில் காத்திருந்து, கையை ஒரு இயந்திரத்துக்குள் நீட்டி, மறுபடியும் காத்திருந்தேன். முடிவைப் பிறகு சொல்வார்கள். திரும்பும் வழியில் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, வெல்க்ரோ நாடா, வெப்பத்தில் சுருங்கும் குழாய், எண்ணெழுத்துப் பதித்த வயர் வளையங்கள் வாங்கினேன். பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதை இறுக்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டிய முனை விரலைக் கிழிக்கும். வெல்க்ரோ நாடாவை ஒரு கையாலேயே அவிழ்க்க முடிகிறது, இப்போது அது எனக்கு முக்கியம்.

ஜூன் 5

ஹம்மைப் பிடித்துவிட்டோம்.

முதலில் கிடாரை நேராக ஆம்பில் செருகச் சொன்னேன், ஹம் இல்லை. கிடாரைப் பிடித்தபடி அறையில் சுற்றித் திரும்பச் சொன்னேன். கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பே வாங்கும் ஹம்மாக இருந்தால் திசை மாற மாற அது கூடிக் குறையும். அப்படி எதுவும் நேரவில்லை. ஆகவே பலகைக்குள்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிராமல் சங்கிலியைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் ஹம் இருக்கிறதோ அதை மறுபடியும் பாதியாகப் பிரித்தோம். கடைசியில், காலால் சாய்த்துக் குரலை மாற்றும் வாவா பெடலில் வந்து நின்றது, அதுவும் அதை இயக்கும்போது மட்டும். டெய்சி செயினில், அதாவது ஒரே மின்வயரின் கிளைகளில், தொங்கும் பெடல்களுக்குள் தரைவயர் இரண்டு வழியாகச் சுற்றி வந்து சத்தம் எழுவது வழக்கம். ஆனால் இந்தப் பலகையின் மின்பெட்டியில் ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டது. பிறகுதான் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். மின்பெட்டி வாவாவுக்கு நேர் கீழே இருந்தது. வாவாவின் உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. மின்பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அது நேராக வாங்கிக்கொள்கிறது. எந்த நல்ல கேபிளும் இதைத் தடுக்காது. தூரம் தடுக்கும்.

அவன் மின்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இடப்பக்கம் நகர்த்தினான். நான் ஆம்பின் முன்னால் காதை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் தூரத்தில் சத்தம் தேய்ந்து, ஒன்றரைச் சாணில் முற்றிலும் போய்விட்டது. "அண்ணா, போயிட்டா?" என்று கேட்டான். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "மக்களே, கைய மடியில வச்சுக்கோ" என்றார்கள். நான் அறியாமலே இடது கையால் பலகையைப் பிடித்திருந்தேன்.

ஜூன் 7

மின்பெட்டி இனி இடக்கோடியில். மின்வயர்கள் பின்விளிம்பை ஒட்டிச் செல்கின்றன, ஒலிவயர்கள் நடு இடைவெளியில். இரண்டும் சந்திக்க வேண்டிய இடங்களில் நேர் குறுக்காகக் கடக்கும்படி கட்டியிருக்கிறோம். பேட்ச் கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டினால் புகைப்படத்தில் அழகாக இருக்கும். மிதிக்கிற ஒவ்வொரு அதிர்வும் ஜாக்கின் பற்றவைப்பில் போய் விழும். ஒவ்வொன்றுக்கும் சிறிது தொய்வு விட்டிருக்கிறேன்.

ஒலியை முரட்டுத்தனமாகச் சிதைக்கும் ஜெர்மேனியம் ஃபஸ் பெடல் மட்டும் தனிக்கதை. அதன் தரை நேர்மின்முனை; மற்றவற்றோடு ஒரே டெய்சி செயினில் போட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். அதோடு, அது கிடாருக்கு நேர் அடுத்ததாக இருக்க விரும்புகிறது. ஒலி வழியில் நலியாமல் அனுப்பும் பஃபர் சுற்று உள்ள ட்யூனர் அதற்கு முன்னால் வந்தால் அதன் குரல் வறண்டு மெலிகிறது. ஆகவே ஃபஸ் முதலில், 9 வோல்ட் பேட்டரியோடு. உள்ளீட்டு ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், வாசித்து முடித்ததும் அந்த ஒரு கேபிளை உருவச் சொல்லி, அதற்கு மட்டும் சிவப்பு வளையம் போட்டிருக்கிறேன்.

ஜூன் 8

மோதிர விரல் இன்று காலை உணர்ச்சியற்று இருந்தது. மாலையில் சரியானது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 11

எல்லாக் கேபிள்களுக்கும் இரு முனையிலும் ஒரே எண். ஒரு முனையில் மட்டும் எண் போடுவதில் பயனில்லை, ஏனென்றால் கழன்று கிடக்கும் முனை எது என்பதுதான் மேடையில் கேள்வி. அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அவனுடைய கைப்பேசியில் போட்டேன். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கேபிளை நான் உருவி, கண்டுபிடிக்கச் சொன்னேன். முதலில் தடுமாறினான். அடுத்த முறை, பின்விளிம்பிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்து, நேராக ஐந்தாம் எண்ணில் கை வைத்தான். நான் வாசித்தபோதுகூட இவ்வளவு நிறைவு எனக்கு இருந்ததில்லை என்று எழுதத் தோன்றுகிறது. இன்று அது உண்மை.

மழைக்காகப் பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலங்கள் போட்டிருக்கிறேன். கடற்காற்றும் சேர்ந்து இந்த ஊரில் ஜாக்குகள் சீக்கிரம் கறுத்துவிடுகின்றன.

ஜூன் 12

அழைப்பு வந்தது. திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். தொலைபேசியில் எதுவும் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

ஜூன் 13

டிலேயின் மின்முள் லேசாக ஆடுகிறது. ஆட்டினால் விளக்கு ஒரு கணம் அணைந்து எரிகிறது. வயரா, பெடலின் சாக்கெட்டா என்று பார்க்க, நான்காம் எண் வயரை அதில் மாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும். பெடலுக்கு 300 மில்லி ஆம்பியர் வேண்டும், நான்காம் வெளியீடு 100தான் தரும்; எனவே வயரை மட்டும் மாற்ற வேண்டும், வெளியீட்டை அல்ல. இதை அவனிடம் இரண்டு முறை சொல்ல வேண்டும். மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னான். களியக்காவிளையில் மழையால் பேருந்து நிற்கிறதாம்.