துருவத்துக்கு மேலே கச்சானும் கொண்டலும்

ஒக்டோபர் 9

சுவீடனில் எஸ்ரேஞ்ச், அந்தாட்டிக்காவில் ரொதேரா. ஒன்று வடக்கே ஏறத்தாழ 68 பாகையில், மற்றது தெற்கே அதே அளவில். இரண்டிலும் ஒரே மாதிரியான எரிநட்சத்திர ராடார், எஸ்ரேஞ்சில் 1999 இலிருந்து, ரொதேராவில் 2005 இலிருந்து. துருவங்களுக்கு மேலே உயரத்தில் வீசும் காற்றைப் பற்றிய என் ஆய்வுக்கு இந்தச் சோடியை விட்டால் வேறு வேண்டாம் என்று என் மேற்பார்வையாளர் மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

பலூன் 30, 35 கிலோமீற்றரில் வெடித்துவிடும். ரொக்கற் போய்வருவது சில நிமிடம். செய்மதி மேலிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தை விடாமல் பார்க்காது. ஆக, 80 முதல் 100 கிலோமீற்றர் வரை வருடம் முழுக்கக் காற்றை அளக்க, வானத்தில் எரியும் தூசியைத்தான் நம்பவேண்டும். மணல் அளவு துணிக்கை எரியும்போது பின்னால் மின்னேற்றமுள்ள ஒரு தடம் விழும், காற்று அதை இழுத்துக்கொண்டு போகும், கீழிருந்து அனுப்பிய 32.5 மெகாஹேர்ட்ஸ் அலை அதில் பட்டுத் திரும்பும்போது டொப்ளர் மாற்றம் வேகத்தைச் சொல்லிவிடும். பெரும்பாலான தடங்கள் ஒரு வினாடிகூட நிற்பதில்லை, ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் விழுகின்றன.

ஒக்டோபர் 13

வெள்ளவத்தையில் நாலு மணிக்கே இருட்டி, இடி, மழை, கரண்டும் போய்விட்டது. லப்டொப் பற்றரி இருக்கும்வரை ரொதேராவின் கோடையான டிசம்பர், ஜனவரியைப் பார்த்தேன்.

மணிக்கு மணி வரும் எண்களை அப்படியே வரைந்தால் அந்தப் பருவத்தின் சராசரிக் காற்று கண்ணிலேயே படாது. கடலில் போல வளிமண்டலத்திலும் உள்ள 12 மணி நேர வற்றுப்பெருக்கு அலை ஒன்று காற்றை முன்னும் பின்னும் ஆட்டுகிறது, அதன் வீச்சு பல நாட்களில் பருவச் சராசரியை விடப் பெரிது. சரி, சராசரி எடுத்தால் போய்விடும்தானே என்றால், எரிநட்சத்திரங்கள் காலையில் நிறைய, பின்னேரம் குறைவு, ஏனென்றால் பூமி ஓடும் திசையைப் பார்த்து நிற்பது காலைப் பக்கம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் அது காலைக்காற்றுத்தான். ஒவ்வொரு மணிக்கும் தனியாக எடுத்து அப்புறம்தான் சேர்க்கவேண்டும். இதில் அவசரப்படுவது எனக்குப் பிடிக்காது.

சேர்த்ததும் கோடைக்காற்று தெளிவாக வந்தது. கீழே கொண்டல், அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று, 90 கிலோமீற்றர் அருகே காற்று செத்துப்போகிறது, அதற்கு மேலே கச்சான், மேற்கிலிருந்து வருவது.

ஒக்டோபர் 15

இந்தத் திருப்பம்தான் எனக்கு முக்கியம். 24 மணி நேரமும் வெயில் எறிக்கும் துருவக் கோடையில், 85, 90 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை −140 பாகை செல்சியஸ் வரை இறங்கும். நம் வளிமண்டலத்திலேயே அதைவிடக் குளிரான இடம் கிடையாது. மலைகளும் புயல்களும் இடிமழையும் கீழே கிளப்பிவிடும் அலைகள் மேலே ஏறுகின்றன. மேற்கே ஓடும் அலைகளைப் படைமண்டலத்துக் (50 கிலோமீற்றருக்குக் கீழே உள்ள அடுக்கின்) கோடைக் கொண்டல் தடுத்துவிடும், கிழக்கே ஓடுபவை தப்பி மேலே போய் உடைந்து, காற்றைக் கச்சானாக்கி, துருவத்துக் காற்றை வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. சூரியனை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் குளிர் வரவே வராது.

ஒக்டோபர் 18

ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்த பெரியம்மா கேட்டார், "கொழும்பில இருந்துகொண்டு அந்தாட்டிக்காக் காத்து உனக்கேன் பிள்ளை?"

நம் தலைக்கு மேலேயே தொடர்பு இருக்கிறது, பெரியம்மா என்றேன். மத்தியகோட்டுக்கு மேலே படைமண்டலக் காற்று ஏறத்தாழ 28 மாதங்களுக்கு ஒருமுறை கொண்டலாகவும் கச்சானாகவும் மாறி மாறி வருகிறது. அது கொண்டலாக இருக்கும் குளிர்காலங்களில் வடதுருவச் சுழல், அதாவது குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி ஓடும் கச்சான், பலவீனப்படும் போக்கு உண்டு என்று ஹோல்டன், டான் என்ற ஆய்வாளர்கள் 1980 இல் எழுதினார்கள். சுழல் உடைந்தால் 30 கிலோமீற்றரில் சில நாட்களுக்குள் பல பத்துப் பாகை சூடேறும், காற்று திசையே மாறும். தெற்கில் அப்படிப் பெரிதாக உடைந்தது 2002 செப்டெம்பரில் மட்டுமே. வடக்கின் மலைகளும் நிலமும் கடலும் கலந்த அமைப்பும் பெரிய அலைகளைக் கிளப்புவதால் அங்கே அடிக்கடி நடக்கிறது. பெரியம்மா கடைசிவரை கேட்டார், "அப்ப அங்க மாறினது இங்க தெரியுமோ?" என்றும் கேட்டார். நல்ல கேள்வி, அதற்குத் தனியாகப் படிக்கவேண்டும்.

வடக்கில் 2021 ஜனவரி 5 ஆம் திகதி அப்படித்தான் படைமண்டலக் காற்று திரும்பியது. நாளைக்கு எஸ்ரேஞ்சின் அந்த மாதத்தைத் திறக்கிறேன். முதலில் பார்க்கப்போவது, 90 கிலோமீற்றரில் மாற்றம் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டதா என்பதை.