பூட்டிய வீட்டின் சாவி பெரம்பூரில் இருந்தது

எங்கள் ஊர் உத்திரமேரூர் பக்கம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குடிவரவும் சிறுதொழில் தொடங்கவும் வெளியாட்களை அழைக்கலாம் என்று, தாம்பரத்தில் வசிக்கும் ஊர்க்காரர்கள் நான்கு பேர் இறங்கினோம்.

முதல் துண்டறிக்கை என் கைவண்ணம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, ஏரிக்காற்று, கறந்த பால் என்று அளந்து விட்டிருந்தேன். ஆட்கள் வரத்தான் செய்தார்கள். கல்வெட்டைப் படம் எடுத்தார்கள், ஏரிக்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள், கிளம்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் மொட்டைமாடியில் ஏறி, நான்கு மூலையிலும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இறங்கி வந்து, "கடைசி பஸ் எத்தனை மணிக்கு? தண்ணீர் உப்பா? ராத்திரி நெஞ்சு வலித்தால் எங்கே ஓடுவது?" என்று கேட்டார். பராந்தகன் இதற்கெல்லாம் பதில் வெட்டி வைக்கவில்லை.

அடுத்த அறிக்கையில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதினோம். கோடையில் போர் தண்ணீர் கரிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. கூடவே ஒரு வரி: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சிறுதொழில் தொடங்கும் பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீத மானியம், கிராமத்தில் 25, பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. மனைத் தரகர்கள்தான் அதிகம் அழைத்தார்கள். ஆனால் குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெண், மரச்செக்கு போட இடம் வேண்டும் என்று அந்த வரிக்காகவே வந்தார்.

அவருக்குப் பிடித்த வீட்டின் பட்டா, எப்போதோ காலமான தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுகள் ஐந்து பேர். அத்தனை பேரும் சென்னையில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடி, வேளச்சேரி, பெரம்பூர் என்று சுற்றினோம். ஊருக்கு ஆள் பிடிக்கும் வேலை என்று நினைத்திருந்தது, ஊரை விட்டு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கும் வேலையாகிவிட்டது. ஆவடி அண்ணன், "ரிட்டையர் ஆனதும் நானே போய் இருக்கப்போகிறேன்" என்றார். அவர் ரிட்டையர் ஆகி ஏழு வருடம் ஆகிறது.

பெரம்பூர் அத்தை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தார். மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. துணியிலும் துரு ஏறியிருந்தது. எடுத்தாரே தவிர, கொடுக்கவில்லை.

"வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டால் எங்கள் அம்மாவின் நெல் பத்தாயம் எங்கே போகும், தம்பி?"

பத்தாயம் இருக்கும் அறை பூட்டியபடியே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் பேனாவைத் தொட்டார். அவர் கையெழுத்துப் போட்டதும் மற்றவர்களும் மறுபேச்சில்லாமல் போட்டுவிட்டார்கள். வாரிசுச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்த மூன்று நடை. மின் இணைப்புக்கு ஒப்புதல் கடிதம், 11 மாத வாடகை ஒப்பந்தம் எல்லாம் அதற்குப் பிறகு மளமளவென்று முடிந்தன.

செக்கு ஓடுகிறது. இரண்டாவது வீட்டுக்கு ஏழு வாரிசுகள், ஒருவர் துபாயில். வரும் ஞாயிறு மீண்டும் வேளச்சேரி.