எழுதப்படாத மொய்

2026ஆம் ஆண்டு பொங்கல் திருநாளும் மும்பை மாநகராட்சித் தேர்தல் வாக்குப்பதிவும் ஜனவரி 15 அன்று ஒன்றாக வந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன், தாராவியில் ஒரு வேட்பாளருக்குக் கணக்கு எழுத ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் சயானில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்து, தேர்தல் செலவுக் கணக்கை எப்படி எழுதவேண்டும் என்று கேட்டார். செலவை எழுதுவது எளிது, வரவை எழுதுவதில்தான் கவனம் வேண்டும் என்றேன். 2017இல் நானே செய்த ஒரு பிழைதான் என்னை அப்படிச் சொல்ல வைத்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 21 அன்று 227 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. எங்கள் பகுதியில் தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் பல ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்துவந்த ஒரு பெண்மணி சுயேச்சையாக நின்றார். நான் வரிக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால், “அண்ணே, கணக்கை நீங்க பாத்துக்கிட்டா எனக்குப் பயமில்ல” என்று சொல்லி நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு வேட்பாளர் 10 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்பது அப்போதைய வரம்பு. எங்களிடம் இரண்டு லட்சம்கூடச் சேரவில்லை என்பதால் வரம்பைப் பற்றி நாங்கள் கவலைப்படவே இல்லை.

பணமதிப்பு நீக்கம் அறிவித்து மூன்று மாதம் ஆகியிருந்த நேரம் அது. சேமிப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 24,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே எங்களுக்கு வந்த நன்கொடை பெரும்பாலும் பத்தும் ஐம்பதும் நூறுமாகவே வந்தது. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் மாலைதோறும் சென்றோம். விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தைத் தலையில் சுமந்துபோய் விற்கும் ஒரு மூதாட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாயை எடுத்துத் தந்தார். அடுத்த வீட்டுக்கு நகர்ந்த என்னை, “தம்பி, சீட்டுக் குடுத்துட்டுப் போப்பா, பேர் எழுதியிருக்கணும்” என்று அவர் நிறுத்தினார். கட்சிக்குக் காசோலையாகக் கொடுத்தால் வருமான வரியில் சலுகை உண்டு, சுயேச்சைக்குக் கொடுத்தால் கிடையாது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லாத விவரம். தான் கொடுத்தது தன் பெயரில் இருக்கவேண்டும் என்பது மட்டுமே அவருடைய எண்ணம். கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர்கள், நோட்டில் பெயர் சரியாக ஏறியதா என்று எட்டிப் பார்ப்பார்களே, அதே அக்கறைதான்.

பிரசாரத்தின் கடைசி வாரத்தில், நடைபாதையும் கட்டரும் (சாக்கடையும்) போடும் ஒரு காண்டிராக்டர் வந்தார். ரொக்கமாக எதையும் நீட்டவில்லை. “பேனரை எங்க ஆளுகிட்ட அடிச்சுக்கோங்க, பாக்கியை நான் பாத்துக்கறேன், என் பேரு மட்டும் எங்கயும் வரவேணாம்” என்றார். அச்சகத்திலிருந்து 3,500 ரூபாய்க்கு பில் வந்தது. அத்தனை பேனரை அந்த விலைக்கு யாராலும் அடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆதரவாளர் ஒருவர் வேட்பாளரின் சம்மதத்தோடு செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில்தான் ஏறவேண்டும், பொருளாக வந்த உதவியைச் சந்தை விலைக்கு எழுதவேண்டும் என்பதும் தெரியும். இருந்தும், பில்லில் உள்ளதை எழுதுவதுதானே கணக்கன் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு 3,500 என்றே எழுதினேன். மிச்சத்தை யார் கொடுத்தார் என்பதை வேட்பாளரிடமும் விளக்கமாகச் சொல்லவில்லை.

அவர் தோற்றுப்போனார். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைத் தேர்தல் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும், கொடுத்தோம். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் சந்தில் புதிதாகப் போட்ட கட்டர் மூடிகள் உடைந்து விழுந்தன. தோற்ற பின்னும் ஜனங்கள் அவரிடம்தான் போனார்கள், அவரும் வார்டு ஆபீசுக்குப் புகார் மனு எழுதினார். வேலையை எடுத்திருந்தவர் அதே காண்டிராக்டர். வீடு தேடி வந்து, “உங்களுக்குச் செஞ்சதை நான் யார்கிட்டயும் சொல்லல, நீங்களும் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும்” என்றாராம். அன்றிரவே அந்தப் பெண்மணி நோட்டைத் தேடி என்னிடம் வந்தார். “அந்த ஆளு எவ்வளவு குடுத்தாருண்ணே? திருப்பிக் குடுத்துட்டா என் வாய அடைக்க முடியாதுல்ல?” என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இட்லிக்கார அம்மா கொடுத்த ஐம்பது ரூபாய் எந்தப் பக்கத்தில், எந்த எண் ரசீதில் இருக்கிறது என்று உடனே காட்ட முடிந்தது. வேட்பாளரின் வாயைக் கட்டிப்போட வந்த தொகை மட்டும் நோட்டில் இல்லை. மொய்யிலும் எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் இன்னார் இவ்வளவு என்று நாலு பேர் முன்னால் எழுதுவதால், அவர் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்துவிட்டால் கடன் தீர்ந்தது. எழுதாத மொய்யை எவ்வளவு செய்து தீர்ப்பது? கொடுத்தவர் எப்போது வந்து கேட்கிறாரோ, எதைக் கேட்கிறாரோ, அதுவே தொகை ஆகிவிடுகிறது.

பிற்பாடு, 2024 பிப்ரவரி 15 அன்று, கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, யார் பணம் கொடுக்கிறார் என்பதை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்ற வாசகத்தைப் படித்து நான் இந்த நோட்டைத்தான் நினைத்தேன். அங்கே பேசப்பட்டது ஆயிரக்கணக்கான கோடி, எங்களுடையது ஒரு பேனர் பாக்கி. ஆனாலும் 2017இல் சுமார் 25,000 கோடி ரூபாய்க்கு வரவு செலவுத் திட்டம் போட்ட மாநகராட்சியில் ஒரு சந்தின் கட்டர் மூடி எந்தத் தரத்தில் இருக்கும் என்பதை இத்தகைய பாக்கிகளே தீர்மானிக்கின்றன என்று நான் நம்புகிறேன். செலவுக்கு வரம்பு வைத்த சட்டம், ஒரே ஆள் ஒரு வேட்பாளருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை. அந்த இடத்தில் கணக்கு எழுதுபவனின் பேனா ஒன்றுதான் காவல். அந்தக் காவலை நான் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்மணி நோட்டைத் தேடி வந்த இரவுக்கு மறுநாள் காலை இருவரும் அச்சகத்துக்குப் போனோம். பழைய ஆர்டர் சீட்டுகளைப் புரட்டி, பேனர்களின் அளவைக் கூட்டி, உண்மையான விலை 14,000 ரூபாய் என்று எழுதி வாங்கினோம். மீதி 10,500 ரூபாய்க்கு அவர் தன் கணக்கிலிருந்து காசோலை எழுதி, ஒரு கடிதத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பினார். அதே நாளில் புகார் மனுவையும் வார்டு ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கினார். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தொகையையும் காண்டிராக்டரின் பெயரையும் எழுதித் தேதியிட்டேன். காண்டிராக்டர் அந்தக் காசோலையை வங்கியில் போடவே இல்லை. மூன்று மாதம் கழிந்து அது காலாவதியாகிவிட்டது.