புழுக்கை பொறுக்குகிற வேலை

அம்மாவுக்கு என் வேலையைப் புரியவைக்க ஒரு வருஷம் ஆனது. காட்டுயிர்க் கணக்கெடுப்பு என்றால் ஜீப்பில் போய்ப் புலி பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வீடியோ அழைப்பில் உள்ளங்கையைக் கேமராவுக்கு நேரே நீட்டினேன்.

"ஏய்யா, இது ஆட்டுப் புழுக்கைல்லா? இதப் பொறுக்கவா அம்புட்டு தூரம் போன?"

ஆட்டினுடையது அல்ல, கோவாலாவினுடையது. மற்றபடி அம்மா சொன்னது சரிதான். கோவில்பட்டிப் பக்கம் கிடை போடுகிறவர்கள் புழுக்கையைப் பார்த்தே எந்த ஆட்டுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதே வேலை. ஆய்வகமும் அறிக்கையும் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

கோவாலா ஒரு நாளில் ஏறக்குறைய இருபது மணி நேரம் தூங்கும். அறுபது எழுபது அடி உயரத்தில், சாம்பல் நிறக் கிளையில் சாம்பல் நிறக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். அண்ணாந்து பார்த்துத் தேடினால் கழுத்து வலிதான் மிச்சம். ஆனால் ஒரு நாளைக்கு நூறுக்கு மேல் புழுக்கை போடும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பிட்டுப் பார்த்தால் உள்ளே நைசாக அரைத்த இலைத்தூள். ஊட்டியில் விற்கிற நீலகிரித் தைலத்தின் வாசனை அப்படியே வரும், மரம் அதே யூகலிப்டஸ் இனம் அல்லவா. அதனால் மேலே பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழே தேடுவதுதான் முறை. முப்பது மரம், ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும் ஒரு மீட்டர் தூரத்துக்குள் இரண்டு நிமிடம். முட்டி போட்டுச் சருகை விலக்கி விலக்கிப் பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன். மழைக்குப் பிறகு சருகுக்குள் ஊறிக் கிடக்கிற புழுக்கையை மனிதக் கண் எத்தனை தவறவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிறகு நாய் வந்தது.

பெயர் பெப்பர். நான் மனசுக்குள் மிளகு என்றுதான் கூப்பிடுவேன். பார்டர் கோலிக் கலப்பு. இரண்டு வீடுகளில் "அடங்க மாட்டேன் என்கிறது" என்று திருப்பிக் கொடுக்கப்பட்டு, நாய்க் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த வேலைக்குத் தேடுவதே அப்படிப்பட்ட நாயைத்தான். ஒரு டென்னிஸ் பந்துக்காக நாள் முழுவதும் விடாமல் அலைகிற பைத்தியம் அதற்கு வேண்டும். அதே சமயம் கண்ணெதிரே வாலபி என்கிற சிறு கங்காரு குதித்து ஓடினாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் ஊர்ச் சிப்பிப்பாறை இந்த இரண்டாவது தேர்விலேயே தோற்றுவிடும். அது முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதி. இது மூக்கை நம்பி நடக்கிற வேலை. இதில் ஒரு முரண் உண்டு. நோய்க்கும் கார்ச் சக்கரத்துக்கும் அடுத்தபடியாகக் கோவாலாக்களைக் கொல்வதில் வீட்டு நாய்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த நாயையே கூட்டிவந்து காட்டுக்குள் விடுகிறோம் என்றால், அருகில் வசிப்பவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

இது புதிய யோசனை அல்ல. நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் 1894-இல் ரெசொல்யூஷன் தீவின் காவலராகப் போனார். வாய்க்கூடு மாட்டிய நாயை வைத்துக் காகாபோ கிளிகளையும் கிவிகளையும் கண்டுபிடித்து, நூற்றுக்கணக்கில் தீவுக்குள் கொண்டுபோய் விட்டார். சில வருஷங்களில் ஸ்டோட் என்கிற கீரி மாதிரியான பிராணி கடலை நீந்திக் கடந்து தீவுக்கு வந்து அந்த உழைப்பைப் பாழாக்கியது. அவர் கதையைப் படித்தபோது எனக்கு நாயை விட அந்த மனிதரின் பொறுமைதான் மனதில் நின்றது.

கோவாலா விஷயத்தில் நாய்க்கு வலுச் சேர்த்தது ரொமேன் கிரிஸ்டெஸ்கு குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு. மனிதர்கள் தேடுவதை விட நாய் 19 மடங்கு வேகமாகப் புழுக்கையைக் கண்டுபிடித்தது என்று அதில் இருந்தது. முட்டி தேய்ந்தவன் என்ற முறையில் அந்த எண்ணை நான் உடனே நம்பினேன்.

ஆனால் நாயை அவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அதுதான் பிசகு. காட்டுக்குள் இறங்கும் முன் நில உரிமையாளரிடம் கேட்கிற முதல் கேள்வி, பத்து-எண்பது வைத்திருக்கிறீர்களா என்பது. நரிக்கும் காட்டு நாய்க்கும் வைக்கிற விஷ இரை அது, நாய் தின்றால் மாற்று மருந்து கிடையாது. பிறகு உண்ணி. இந்தக் கடற்கரையோர உண்ணியில் ஒரு வகை கடித்தால் நாய்க்குக் கால் இழுத்துக்கொள்ளும், அப்புறம் மூச்சும் நின்றுபோகும். தினமும் மாலையில் மிளகின் மயிரை விரலால் கோதிக் கோதித் தேடுவோம், அம்மா என் தங்கைக்குப் பேன் பார்த்த மாதிரி. வெயில் ஏறினால் நாய் மூச்சிரைக்க ஆரம்பிக்கும். வாயால் மூச்சு வாங்குகிற நாய் சரியாக மோப்பம் பிடிக்காது. அதனால் விடிகாலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுவோம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எழுதி வைப்போம்.

நாயை நடத்துபவர் ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர். என் வேலை ஜிபிஎஸ், குறிப்பேடு, மாதிரி சேகரிப்பு. மிளகு ஓரிடத்தில் மூக்கைத் தாழ்த்தி, வாலின் ஆட்டம் மாறி, படுத்துக்கொண்டால் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அவர் போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பந்து. புதுப் புழுக்கையென்றால் நான் பல்குத்தும் குச்சியால் எடுத்துக் குப்பியில் போடுவேன். குடலின் செல்கள் அதன் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும், விரல் பட்டால் போச்சு. அந்த மெல்லிய பூச்சிலிருந்து எந்தக் கோவாலா, ஆணா பெண்ணா, கிளமிடியா நோய் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்க முடியும். கோவாலாவைத் தொடாமல், மரத்திலிருந்து இறக்காமல் இவ்வளவும்.

என் தவறு நடந்தது நாய் வந்த மூன்றாவது மாதத்தில்.

வீட்டுமனைக்காக அழிக்கப்படவிருந்த ஒரு நிலம். முந்தைய வருஷம் அங்கே குட்டியோடு ஒரு கோவாலாவைப் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். கோவாலா 2022 பிப்ரவரியில்தான் குயின்ஸ்லாந்து உட்பட மூன்று இடங்களில் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரே ஒரு புழுக்கை கிடைத்தாலும் அறிக்கையின் தொனி மாறும். எனக்கு அது கிடைத்தே ஆக வேண்டும் என்றிருந்தது. ஒரு பெரிய மரம், பட்டையில் நகக் கீறல்கள். அதன் அடியிலேயே போய் நின்றுகொண்டேன், நகரவே இல்லை. மிளகு வந்தது, சுற்றியது, போய்விட்டுத் திரும்பி வந்தது, என் முகத்தைப் பார்த்தது. பிறகு படுத்துக்கொண்டது.

நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிட்டேன். நாயை நடத்துபவர் வந்து சருகை விலக்கினார். கிடைத்தது போசம் என்கிற மர விலங்கின் எச்சம். (பாசம் என்று எழுதினால்தான் உச்சரிப்பு சரியாக வரும், ஆனால் பொருள் கெட்டுவிடும்.) அவர் பந்தைக் கொடுக்கவில்லை. என்னிடம் கோபப்படவும் இல்லை. "இது மோந்தது மரத்தை இல்லை, உன்னை" என்றார்.

அன்று இரவு அவர் எனக்கு 2011-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு பரிசோதனையைச் சொன்னார். மோப்ப நாய் வைத்திருக்கும் பதினெட்டுப் பேரை ஒரு தேவாலயத்துக்குள் தேடவிட்டார்கள். அந்த நாய்கள் தேடப் பழகிய போதைப்பொருளோ வெடிமருந்தோ எதுவும் அங்கே ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனால் சில இடங்களில் காகிதம் ஒட்டி, அங்கே பொருள் இருக்கிறது என்று நாய் நடத்துபவர்களை நம்பவைத்திருந்தார்கள். இல்லாத பொருளுக்கு நாய்கள் திரும்பத் திரும்பச் சைகை காட்டின, அதுவும் காகிதம் இருந்த இடங்களில் கூடுதலாக. நாய் பொய் சொல்வதில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நம் விருப்பத்தை வாசிப்பதில் அதற்கு இணை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுநாளிலிருந்து எனக்குப் புது விதி. இருபது மீட்டர் பின்னால் நடக்க வேண்டும், எந்த மரத்தடியிலும் நிற்கக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் சொன்ன மாதிரியான செய்திகளைத் தேடல் முடியும் வரை நாயை நடத்துபவரிடமும் சொல்லக் கூடாது. அது சிரமமான ஒழுக்கம். ஆசையை முகத்தில் காட்டாமல் இருக்கலாம், நடையில் காட்டாமல் இருப்பது எப்படி? மிளகு அதையும் படிக்கும். நாயின் பயிற்சிக்கு வைக்கிற குப்பிகளையும் அவர் மாற்றினார். வெறும் கையுறையைத் தொட்ட காலிக் குப்பி, போசம் எச்சம் போட்ட குப்பி என்று வரிசையாக வைத்து, மிளகு கற்றுக்கொண்டது கோவாலாவின் வாசனையையா, எங்கள் ரப்பர் கையுறையின் வாசனையையா என்று திரும்பச் சோதித்தார். இரண்டு வாரம் அதிலேயே போனது. அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள்.

பிறகு அதே நிலத்தை முழுதாக மறுபடி தேடினோம். மூன்று காலைகள். நாயின் கழுத்துப் பட்டையிலிருந்த ஜிபிஎஸ் தடம் நூல் கோத்தது போல நிலத்தை நிரப்பியது. ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை கொடுத்தவர்களின் ஆள் தொலைபேசியில், "நாயே கண்டுபிடிக்கவில்லை என்றால் கோவாலா இல்லை என்றுதானே?" என்று கேட்டார். அப்படி இல்லை. மழையிலும் பூச்சியிலும் புழுக்கை மட்கிப்போகும். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் வந்துபோகிற ஆண் இருக்கலாம். "தேடிய மூன்று நாட்களில் தடயம் கிடைக்கவில்லை" என்று எழுதினேன். அவர்கள் "இல்லை" என்று மாற்றச் சொன்னார்கள். எங்கள் நிறுவனம் மாற்றவில்லை என்று சொல்ல ஆசைதான். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் போனது, அதில் என் பெயரும் இருக்கிறது.

அந்தக் கடைசிக் காலையில் மிளகு சோர்ந்திருந்தது. மூன்று நாள் தேடியும் ஒரு பந்து கூடக் கிடைக்காத நாய் நான்காம் நாள் தேட மாட்டேன் என்றுவிடும். அதற்காக ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் ஆள் ஒருவர் போய், எங்களுக்குத் தெரியாத இடத்தில், வேறு காட்டிலிருந்து கொண்டுவந்த புழுக்கையை வைத்துவிட்டு வருவார். அன்றைக்கு நாயின் மூக்கு வேலை செய்தது என்பதற்கும் அதுதான் சாட்சி. நான் பின்னால், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மிளகு காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து போனது, திடீரென்று தலை திரும்பியது, ஒரு லான்டானாப் புதருக்குள் நுழைந்து படுத்தது. பந்து வானத்தில் பறந்தது. நாய் என்னைத் தாண்டி ஓடியபோது என் முழங்காலில் இடித்துவிட்டுப் போனது.

மாலையில் கணினியில் வரைபடத்தைத் திறந்தேன். நிலம் முழுக்க நீல நூல், நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தேர்ந்தெடுத்து அழித்தேன்.