பக்கத்து வீட்டு போர் தண்ணீர்

"குடிக்கிறதுக்கு மட்டும் வேற தண்ணி வச்சுக்கங்கக்கா" என்று, நாங்கள் சோதித்த ஒரு பழைய லாரி பட்டறையின் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்று கேட்டால் ஆமாம் என்பேன். நாளைக்குக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். ஏனென்றால் அதே இடத்தைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கையில் அப்படி ஒரு வரி கிடையாது. அதில் இருந்தது இதுதான்: "அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் எண்ணெய் மற்றும் கிரீஸ், கண்டறியும் அளவுக்குக் கீழே." அந்த வரியும் என்னுடையதுதான், சொன்ன பேச்சும் என்னுடையதுதான்.

கடலூரிலிருந்து பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிற வழியில் மூடிக்கிடந்த ஒரு லாரி பட்டறை. அதைக் குத்தகைக்கு எடுத்து கார் சர்வீஸ் சென்டர் போடலாமா என்று ஒரு டீலர் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்டர் வாஷ், ஆயில் மாற்றுவது, டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன் இடத்தைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்பது எங்கள் வேலை.

கார் கழுவுகிற இடத்துக்கு என்ன பெரிய சுற்றுச்சூழல் ஆய்வு என்று எங்கள் வீட்டிலேயே கேட்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 வகைப்பாட்டில் வாகன சர்வீஸும் பெயின்டிங்கும் ஆரஞ்சு வகையில், அதாவது நடுத்தர அளவு மாசு தரும் தொழில்களில், வந்தன. எஞ்சினிலிருந்து இறக்கிய ஆயில் 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அபாயக் கழிவு. அதைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும், போகிற ஒவ்வொரு பீப்பாய்க்கும் சீட்டு இருக்க வேண்டும். கழுவின தண்ணீர் எண்ணெய் பிரிக்கிற தொட்டி வழியாகப் போய், வெளியே விடும்போது லிட்டருக்கு 10 மில்லிகிராம் எண்ணெய்க்குள் இருக்க வேண்டும். இந்தப் பகுதியை எழுதுவது சுலபம். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு (தொழில் நடத்தத் தரும் அனுமதிக்கு) என்னென்ன கேட்பார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டிவிட்டால் அதே தண்ணீருக்குப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், வேறு படிவம், வேறு ஆபீஸ். நிலத்தடி நீருக்கு அந்த எல்லை எங்கே தெரியப்போகிறது.

இந்த அறிக்கையில் எனக்குத் திருப்தி தந்த ஒரே பகுதி வெள்ளம் பற்றியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு கரைபுரண்டது. அந்தத் தண்ணீர் நின்ற கோடு பட்டறைச் சுவரில் பழுப்பாக அப்படியே இருந்தது. கழிவு ஆயில் பீப்பாய் வைக்கும் அறையின் தரை அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், சர்வீஸ் குழிகளுக்குப் பதிலாக லிஃப்ட் போட வேண்டும் என்று எழுதினேன். டீலர் தரப்பில் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். பணம் போட்டு வாங்கும் மெஷின் நனையக் கூடாது என்பதில் எல்லாருக்கும் அக்கறை உண்டு.

பழைய அழுக்குதான் சிக்கல். பட்டறையின் பின்பக்கம் ஓர் உறைக்கிணறு, மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் இன்னும் அந்தப் பக்கமே இருக்கிறார். லாரி கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் போகும் என்றார். கழிவு ஆயிலுமா என்று கேட்டேன். சிரித்தார். "அதை யாரு சார் கொட்டுவா? சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வாங்கிட்டுப் போயிடுவாங்களே. காசு சார் அது." அது நியாயமான பேச்சு. கழிவு ஆயிலுக்கு எப்போதும் விலை உண்டு, அதனால் அது மண்ணுக்குப் போவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆனால் பார்ட்ஸ் கழுவின டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் விலை கிடையாது. அது எங்கே போனது என்று கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார்.

கையால் துளை போட்டு எடுத்த மண்ணில் ஓரிடத்தில் டீசல் வாடை அடித்தது. ஆற்று மணல் நிலம், தண்ணீர் மேலாகவே இருக்கும், மேலே ஊற்றியது சுலபமாக இறங்கிவிடும். அதனால்தான் பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் எடுக்கலாமா என்று அந்த அக்காவிடம் போய்க் கேட்டேன். வாசலில் டிபன் கடை வைத்திருக்கிறார். "எடுத்துக்கங்க தம்பி, தண்ணிதானே" என்றார். கண்ணாடி பாட்டில்தான் வேண்டும், பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் என்று நாங்கள் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தார். சிப்காட் கம்பெனிக்காகவா என்றார். கடலூரில் தண்ணீரைச் சோதிக்கிறார்கள் என்றால் யாருக்கும் குடிகாடு பக்கத்துச் சிப்காட் ரசாயனக் கம்பெனிகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பக்கத்து லாரி பட்டறை யாருக்கும் ஞாபகத்துக்கு வராது. இல்லைக்கா, இந்தப் பட்டறைக்காக என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார்: வெள்ளம் வடிந்தபோது முற்றத்தில் தண்ணீர் மேலே கலர் கலராக மினுங்கியதாம். ஊரே மூழ்கிய வெள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் முழுகின, அது எதிலிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். நான் குறித்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. எண்ணெய், கிரீஸ்: கண்டறியும் அளவுக்குக் கீழே. மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல், 2000க்குள். அந்தப் பக்கத்தில் அது சாதாரணம்.

எண்ணெய் பற்றிய வரியில் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த லேபின் கண்டறியும் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். தண்ணீரை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் குலுக்கி, ஹெக்ஸேனை ஆவியாக்கி, மிஞ்சியதை எடை போடுகிற முறை அது. கிரீஸ், எஞ்சின் ஆயில் மாதிரி கனமானவை தங்கும். பெட்ரோலும் டீசலின் லேசான பகுதியும் ஹெக்ஸேனோடு சேர்ந்தே பறந்துவிடும். வெளியே விடுகிற கழிவுநீர் 10க்குள் இருக்கிறதா என்று பார்க்க அந்த முறை போதும். ஒரு வீட்டில் குடிக்கிற தண்ணீரில் பெட்ரோலியம் கலந்திருக்கிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. பெட்ரோலியத்தில் இருக்கும் நச்சான பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பென்சீனைச் சோதிக்கவே இல்லை, கிளையன்ட் ஒப்புக்கொண்ட பட்டியலில் அது கிடையாது.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் மறுபடி சைட்டுக்குப் போனேன். அக்கா கேட்டார்: "என்ன தம்பி வந்துச்சு? எண்ணெய் இருக்கா?"

"டெஸ்ட்ல எண்ணெய் தெரியலக்கா."

"அப்ப நல்ல தண்ணிதான்."

அந்த இடத்தில் பேசாமல் வந்திருக்கலாம். சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட அர்த்தத்துக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால்தான், குடிக்கிறதுக்கு மட்டும் வேற தண்ணி வச்சுக்கங்கக்கா என்றேன். ஏன் என்றார். பழைய பட்டறை பக்கத்துல இருக்கு இல்லையா, ஜாக்கிரதைக்குத்தான் என்றேன். "அப்ப அந்தப் பேப்பர்ல ஒரு ஜெராக்ஸ் குடுங்களேன், பஞ்சாயத்துல காட்டறேன்."

தர முடியவில்லை. முடிவுகள் கிளையன்டுக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் லேபில் நீங்களே கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னேன். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, நைட்ரேட், ஃப்ளோரைடு, கிருமி எல்லாம் பார்ப்பார்கள், பெட்ரோலியம் சமாச்சாரம் அதில் வராது. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் போகவே மாட்டார் என்று தோன்றியது. நியாயமா என்று கேட்காதீர்கள்.

அடுத்த முறை போனபோது திண்ணையோரம் தண்ணி கேன்கள் அடுக்கியிருந்தன. நீங்க சொன்னதிலிருந்து சாப்பிட வர்றவங்களுக்கு இதுதான் தம்பி என்றார். கேன் 30 ரூபாய், கடைக்கு ஒன்று போதாது. குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேனில் இருப்பதும் எங்கோ பக்கத்து மண்ணில் இறைத்து ஆர்ஓவில் விட்ட தண்ணீராகத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் என்ன பட்டறை இருந்தது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அவர் தண்ணீர் நன்றாகவே இருந்திருக்கலாம் என்பதற்கும் காரணங்கள் உண்டு. டீசல் தண்ணீரை விட லேசு, நிலத்தடி நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும். அவர் போர் அதற்குக் கீழேயிருந்து இழுக்கிறது. பட்டறை மூடிப் பல வருஷம், மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் டீசலைத் தின்று குறைத்துவிடும். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று நாங்கள் அளக்கவில்லை. கடலைப் பார்த்துக் கிழக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், அவர் வீடு மேற்கே இருக்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தால், என் வாய்ச்சொல்லுக்கு மாசம் எவ்வளவு செலவு என்று அவர் என்னிடம் கணக்குக் கேட்கலாம்.

எங்கள் சீனியரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நம்ம கையெழுத்துக்கு மேல எழுத முடியாததை வாயால சொல்லக் கூடாதுப்பா" என்றார். ரிப்போர்ட், இடத்து மாசுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறவங்களுக்கு எழுதினது, அந்தம்மா கேட்டது குடிக்கலாமா என்று, கேள்வியே வேற சார் என்றேன். "சரி, அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்லியிருக்கணும். தெரியாதுன்னு."

இதைத்தான் அதிகம் யோசித்தேன். அறிக்கையில் அதைச் சொல்லும் விதம் எங்களுக்கு உண்டு. உறைக்கிணற்றைத் தோண்டிச் சேற்றைச் சோதித்து, கழிவை முறையாக அப்புறப்படுத்தி மூட வேண்டும், அதற்குமுன் மேலாய்வு தேவை என்று எழுதியிருந்தேன். படிக்கத் தெரிந்தவருக்கு அதன் பொருள் "தெரியாது" என்பதுதான். மெக்கானிக் சொன்னதையும், பெயர் இல்லாமல், முன்னாள் தொழிலாளி கூற்று என்று போட்டேன். எதையும் மறைக்கவில்லை. ஆனால் கண்ணாடி பாட்டிலோடு வந்து, தண்ணீரை எடுத்துக்கொண்டு சென்னை லேபுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்து "தெரியாதுக்கா" என்று சொல்கிறவனை யார் நம்புவார்கள்? ஏதோ மறைக்கிறான் என்றுதான் நினைப்பார். சீனியர் சொல்வது சரி, ஆனால் அவர் அந்த வாசலில் நிற்கவில்லை. நான் நின்றேன் என்பதால் மட்டும் நான் சொன்னது சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பேப்பர் தர முடியாத சங்கடத்தில் வேறு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அந்த எச்சரிக்கையைக் கொடுத்தேனோ என்றும் தோன்றுகிறது. ஜெராக்ஸ் கேட்டது அதற்குப் பிறகுதானே என்று நானே எனக்கு ஞாபகப்படுத்திக்கொள்கிறேன். கேட்பார் என்பது முன்பே தெரிந்ததுதான்.

டீலர் அந்த இடத்தை எடுக்கவில்லை. வாடகை ஒத்துவரவில்லை என்று காரணம் சொன்னார்கள். அறிக்கையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நில உரிமையாளருக்கு எங்கள் மேல் வருத்தம். உறைக்கிணற்றின் மேல் பலகை அப்படியே இருக்கிறது, ஏனென்றால் குத்தகைக்கு வருகிறவர்தான் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன், வருகிறவர் யாரும் இல்லை. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இந்த மாதிரிச் சின்னப் பட்டறை வரைக்கும் அது எப்போது இறங்கி வரும் என்று சீனியர் கேட்டார். பெட்ரோல் பங்க், பட்டறை, வாட்டர் சர்வீஸ் என்று இந்த ரோட்டில் மட்டும் எத்தனை இருக்கின்றன என்று மனதுக்குள் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

போன மாதம் இதே மாதிரி இன்னொரு சர்வீஸ் சென்டர் வேலை வந்தது, வில்லியனூர் பக்கம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: மாதிரி எடுக்கப்படும் அண்டை வீட்டுக் கிணறுகளின் முடிவை அந்த வீட்டாருக்கு எழுத்தில் தரலாம். பென்சீனையும் பட்டியலில் சேர்த்திருந்தேன். பென்சீனுக்குச் சம்மதித்துவிட்டார்கள். வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வேலையை எடுத்துக்கொண்டோம்.