பாதிப் பதில்

ரிசல்ட்டுக்கு அர்த்தம் சொல்வது லேப்காரர்களின் வேலை இல்லை. நம்பரைச் சரியாகக் கொடுப்பதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது. அதற்கு மேல் டாக்டர். கவுன்டரில் யார் ரிப்போர்ட்டை நீட்டி "நார்மல்தானே?" என்று கேட்டாலும் "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்ற பதில் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மட்டும் அது ஏன் வரவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. அவர் முதலில் ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

அன்று எனக்கு வார விடுமுறை. இருந்தாலும் லேபிலிருந்து போன் வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண். ஒரு சாம்பிளில் பொட்டாசியம் ஏகத்துக்கு வந்திருக்கிறது, ரிசல்ட்டை அனுப்பிவிடலாமா என்றாள். சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீர், என்ன கலரில் இருக்கிறது என்று கேட்டேன். லேசாகச் சிவந்திருக்கிறதாம். சிவப்பணுக்கள் உடைந்து கலந்தால் அப்படி வரும்; அதைத்தான் ஹீமோலைஸ் என்போம். "அப்ப ஹீமோலைஸ் ஆகியிருக்கு. அனுப்பாத. வார்டுக்கு போன் பண்ணித் திரும்ப எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் அதற்காகவே காத்திருந்தார் போல.

"ஏம்மா, நீங்க லேப்ல வேலை பாக்கறீங்களா?"

"ஆமா சார்."

"சாம்பிள் சரியில்லன்னா ரிசல்ட் தப்பா வருமா?"

"வரும்."

"பொட்டாசியம்கூடவா?"

"சீக்கிரமா மாறுறதுல அதுவும் ஒண்ணு சார்."

இந்தப் பதில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு சொல்லில்கூடப் பிழை இல்லை. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் மிகப் பெரும் பங்கு செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் அளவு, வெளியே சீரத்தில் இருப்பதைப் போல 20 மடங்குக்கும் மேல். ரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, டியூபைப் போட்டுக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டிவிடும். அணுக்கள் உடையாமலேயே சாம்பிள் லேபுக்கு வர நேரமானாலும் கூடும். கையில் ரப்பரைக் கட்டி, நரம்பு தெரிவதற்காகக் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் அதுவும் கூட்டிவிடும். மெஷின் இதில் எதையும் அறியாது. வந்த சாம்பிளில் எவ்வளவு இருக்கிறதோ அதைச் சரியாக அளந்து கொடுத்துவிடும். லேப் தவறுகள் என்று சொல்லப்படுகிறவற்றில் பாதிக்கு மேல் சாம்பிள் மெஷினுக்குள் போகும் முன்பே நடந்து முடிந்தவை.

இதையெல்லாம் வகுப்பெடுப்பது போல அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலையைப் பற்றி யாராவது ஆர்வமாகக் கேட்டால் எனக்குப் பேச்சு நிற்காது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஏற்கெனவே திறந்து வைத்திருந்த ரிப்போர்ட்.

பொட்டாசியம் 6.3. பக்கத்தில் தடித்த எழுத்தில் எச், அதிகம் என்பதற்கான குறி. 3.5-லிருந்து 5.1 வரை நார்மல் என்று ஓரத்தில் போட்டிருந்தது. அதே நாள் காலையில் எடுத்த ரத்தம்.

அப்போதாவது "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் 6.3-ஐப் பார்த்துவிட்டு எங்கள் ஆட்கள் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். எங்கள் லேபில் 6-ஐத் தாண்டினாலே ரிப்போர்ட் போகும் முன் போன் போக வேண்டும். பொட்டாசியம் கூடினால் பெரும்பாலும் உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. ஒரு சிலருக்குக் கை கால் அசதி இருக்கும், அவ்வளவுதான். இதயத் துடிப்பு தடுமாறும்போதுதான் தெரியும், அதற்குள் நேரம் கடந்திருக்கலாம். அதனால் என் விரல் தானாகவே திரையைக் கீழே தள்ளியது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.6. அதுவும் கொஞ்சம் அதிகம்தான். சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருந்தால் கடைசியில் ஒரு கமென்ட் போட்டிருப்பார்கள். அந்த இடம் காலியாக இருந்தது.

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா சார்?"

"அது ரொம்ப வருஷமா."

பிரஷர் மாத்திரைகளில் சில வகைகள் பொட்டாசியத்தைக் கூட்டும்; கிட்னி கொஞ்சம் மந்தமாக இருந்தால் இன்னும் கூட்டும். எந்த மாத்திரை என்று அவருக்குப் பெயர் தெரியவில்லை. வெள்ளை நிறம் என்றார். அப்புறம் அவராகவே சொன்னார்: "நரம்பே கிடைக்கலம்மா. ரெண்டு கையிலயும் குத்திப் பாத்தாங்க. கையை மூடுங்க, திறங்க, மூடுங்கன்னு ஒரே பாடு. அதனால இருக்குமா?"

இந்த இடத்தில் நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "அதனாலயும் இருக்கலாம் சார். ஆனா நிஜமாவே கூடியிருக்கவும் வாய்ப்பிருக்கு. பாத்தா தெரியாது. இன்னைக்கே போய்த் திரும்ப ரத்தம் குடுங்க. கூடவே ஒரு ஈசிஜி."

"நாளன்னிக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கு."

"நாளன்னிக்கு வேணாம். இன்னைக்கே."

"சரிம்மா" என்றவர் உடனே வீட்டுக்கு போன் போட்டார். மனைவியாக இருக்க வேண்டும். "ஒண்ணும் இல்ல, பயப்படாத. இங்க ஒரு லேப் மேடம் பக்கத்துல இருக்காங்க. சாம்பிள் சரியா எடுக்கலையாம். அதான் அப்படிக் காட்டுதாம்."

"சார், அப்படிச் சொல்லல. இருக்கலாம்னுதான்... இன்னைக்கே திரும்ப எடுக்கணும்னு சொல்லுங்க."

போனில் பேசிக்கொண்டே கையை உயர்த்தி, கேட்டுவிட்டது என்பது போலக் காட்டினார். அதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "காலைலேர்ந்து ஒரு வேலையும் ஓடலம்மா. இப்பதான் நிம்மதியா இருக்கு. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் அவருக்குக் கொடுக்க நினைத்தது நிம்மதி இல்லை. அவசரத்தைத்தான்.

லேபிலிருந்து வார்டுக்கு ஆபத்தான ரிசல்ட்டைப் போனில் சொல்லும்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். நோயாளியின் பெயர், நம்பர், ரிசல்ட் எல்லாம் சொன்னதும் எதிர்முனையில் இருக்கும் சிஸ்டர் அதை அப்படியே நம்மிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். "எழுதிட்டேன்" என்று சொன்னால் போதாது. வாயால் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது வீண் சடங்காகத் தெரியும். ஒருமுறை 2.8 என்று சொன்னது 3.8 என்று திரும்பி வந்ததைக் கேட்டவர்கள் அப்புறம் அப்படி நினைப்பதில்லை. அவரும் திருப்பிச் சொன்னார், மனைவியிடம். தவறாகத்தான் சொன்னார். நான் திருத்தினேன். திருத்தியதை அவர் திருப்பிச் சொல்லவில்லை. வார்டு சிஸ்டராக இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். முன்பின் தெரியாத, என்னைவிட மூத்த ஒருவரிடம் ரயில் நிற்கப்போகிற நேரத்தில் "நான் சொன்னதை ஒருதடவை சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்க முடியுமா? கேட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. கேட்டிருந்தால் சிரித்துவிட்டு இறங்கிப் போயிருப்பார் என்று வேறு சில நாள் தோன்றுகிறது.

லேபில் இரண்டு பேரிடம் சொன்னேன். எங்கள் சீனியர் கேட்டுவிட்டு, "நீ பொய் ஒண்ணும் சொல்லலையே, விடு" என்றார். இன்னொருத்திக்கு நான் போனை வாங்கிப் பார்த்ததே பிடிக்கவில்லை. "அந்த ரிப்போர்ட்டைக் குடுத்த லேப் அவங்க டாக்டருக்கு போன் பண்ணியிருப்பாங்க. நடுவுல நீ எதுக்கு?" என்றாள். நியாயம்தான். அப்படி ஒரு போன் போயிருந்தால் என் பேச்சுக்கு எந்த மதிப்பும் இல்லை. சாயங்காலத்துக்குள் அவரைக் கூப்பிட்டிருப்பார்கள். போகாமல் இருந்திருந்தால் அன்று அவரை அவசரப்படுத்தக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். இதில் எது நடந்தது என்று எனக்குத் தெரியப்போவதில்லை என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொள்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயமுறுத்தியிருக்க வேண்டும். ரிசல்ட் தவறு என்றால் அவருக்கு ஒரு சாயங்காலம் வீண், இன்னொரு ஊசி, கொஞ்சம் பதற்றம். ரிசல்ட் சரி என்றால் உயிர். தராசில் வைக்கத் தேவையே இல்லை. "இது ஆபத்தான நம்பர், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாம்பிள் கதையை விழுங்கியிருக்கலாம். ஆனால் விழுங்குவதற்கு என்னிடம் எதுவும் மிச்சம் இருக்கவில்லையே? ரிப்போர்ட் என் கைக்கு வரும் முன்பே அந்தக் கதையைச் சொல்லி முடித்திருந்தேன். அவருக்கு வேண்டியது முதல் நிமிஷத்திலேயே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் அவருக்கு மரியாதைக்காகக் கேட்டுக்கொண்ட பேச்சு.

இல்லை, இது கொஞ்சம் அநியாயம். அவர் "சரிம்மா" என்றபோது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். மனைவி பயப்படக் கூடாது என்று அவரிடம் அப்படிச் சொல்லிவிட்டு, தான் மட்டும் நேராக ரத்தம் கொடுக்கப் போயிருக்கலாம். வீட்டில் ஒன்று சொல்லிவிட்டு வேறொன்று செய்கிற ஆண்களைப் பார்க்காதவளா நான்?

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-லேயே ஒன்றைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்: நெருங்கியவர்களிடம் மறைக்கிற விஷயத்தை மனிதர்கள் வெளியாளிடம் கொட்டிவிடுவார்கள். அந்த மனிதருக்கும் காலையிலிருந்து கையில் ரிப்போர்ட் இருந்தது. யாரிடமும் பேசிப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. என்னிடம்தான் கேட்டார். காரணம் நான் நாளைக்கு வந்து "போனீங்களா?" என்று கேட்கப்போவதில்லை. மகள் கேட்பாள், டாக்டர் கேட்பார். நான் கேட்க முடியாது. அதனால்தான் என்னிடம் கேட்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

தெரியாதவர்களோடு பேசுவதைப் பற்றிய ஆராய்ச்சிகளும் உண்டு. சிகாகோவில் ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களிடம் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் சோதனை செய்து 2014-ல் வெளியிட்டார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பாருங்கள் என்று சொன்னால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் பேசியவர்களுக்குப் பயணம் இனிமையாகவே இருந்ததாம். எங்கள் பேச்சும் அந்தக் கணக்கில் சேரும். அவர் நிம்மதி என்றார், வாழ்த்திவிட்டுப் போனார். இறங்கும்போது யாராவது எங்களிடம் ஒரு படிவம் நீட்டியிருந்தால் அவர் நல்ல மார்க்தான் போட்டிருப்பார். பேச்சு இனித்தது என்பதற்கும் பேச்சு நல்லது செய்தது என்பதற்கும் சம்பந்தம் உண்டா என்பது அந்தப் படிவத்தில் வராது.

இனிமேல் வெளியில் லேப் பேச்சே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். போன் வந்தால் வாசல் பக்கம் எழுந்து போய்விடுகிறேன். யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஆஸ்பத்திரில" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இது சரியான ஏற்பாடு என்று நம்புகிறேன். ஆனால் இப்படி யோசித்தால் சங்கடமாக இருக்கிறது: அன்று நான் வாசல் பக்கம் எழுந்து போயிருந்தால், அவர் அந்த 6.3-ஐப் பையில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் நாளை மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருந்திருப்பார். "இன்னைக்கே" என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதனால் லேபில் ஒரு சின்னத் தகராறும் ஓடிக்கொண்டிருக்கிறது. லேசாக ஹீமோலைஸ் ஆன சாம்பிளுக்கு நாங்கள் ரிப்போர்ட்டின் அடியில் போடும் கமென்ட், "சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியுள்ளது, மறுபரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒற்றை வரி. முன்பெல்லாம் அதை டாக்டர்தான் படிப்பார். இப்போது ரிப்போர்ட் டாக்டருக்குப் போகும் முன்பே நோயாளியின் போனுக்குப் போய்விடுகிறது. அந்த வரியை அந்த மனிதர் படித்தால் என்ன புரிந்துகொள்வார்? என்னிடம் கேட்டுப் புரிந்துகொண்டதையேதான். அதனால் "இன்றே மீண்டும் பரிசோதிக்கவும்" என்பது முதலில் வரட்டும், காரணம் பிறகு வரட்டும் என்று எங்கள் இன்சார்ஜிடம் சொன்னேன். கமென்ட் டாக்டருக்காக எழுதுவது, நோயாளியைப் பயமுறுத்த இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். வேண்டுமானால் இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று எழுதிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார். எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவது எல்லாமே நீளமாகிவிடுகிறது, அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை.