புள்ளிய எங்க வைக்கிற: பாசிக்குடா நைட் டியூட்டி நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய், விடியச்சாமம் 2.40

கச்சான் காத்து விடாம அடிக்குது. ரிசெப்சன் கண்ணாடிக் கதவு தானாத் திறந்து தானா மூடுது, ஒவ்வொரு தரமும் ஆரோ வாறாங்க எண்டு எழும்பி நிக்கிறன், ஆருமில்ல. சீசன்தான், ஆனா ரெண்டு மணிக்குப் பிறகு இந்த ஹோட்டல்ல முழிச்சிருக்கிறது நானும் செக்கியூரிட்டி ஐயாவும் ஒரு நாயும்தான்.

ராவு பதினொரு மணிபோல ஒல்லாந்துக்காரர் ஒருத்தர் நித்திர வரல்ல எண்டு வந்து முன்னால குந்திட்டார். (நெதர்லாந்து எண்டு சொல்லணும், ஆனா மட்டக்களப்புக் கோட்டையப் பார்த்து வளந்த எங்களுக்கு அவங்க எப்பவும் ஒல்லாந்தர்தான்.) கத எங்கயெல்லாமோ போய் கடைசில "நீ இடதா வலதா" எண்டு கேட்டார், நான் அவர்ட ரூமுக்குப் போற வழியக் கேக்கிறார் எண்டு நினைச்சு இடதுபக்கம் எண்டு கையக் காட்டிட்டன். மனுசன் சிரிச்ச சிரிப்புல நாய் எழும்பிட்டு.

மறுகாதான் விளங்கிச்சு. பொலிட்டிக்கல் கொம்பஸ் எண்டு ஒரு கேள்விக்கொத்து, போன்ல லிங்க் அனுப்பிட்டுப் படுக்கப் போயிட்டார். 62 வசனம், ஒவ்வொண்டுக்கும் நாலு பதில்: நல்லா ஒத்துக்கிறன், ஒத்துக்கிறன், ஒத்துக்கல்ல, கொஞ்சமும் ஒத்துக்கல்ல. நடுவுல ஒண்டுமில்ல, "தெரியா" எண்டு ஒரு பதிலே இல்ல. எங்கட ஊர்ல அரசியல் கேட்டா முதல் வாற பதிலே அதுதானே.

முதல் பக்கத்திலயே மாட்டிக்கிட்டன். சரியோ பிழையோ என்ட நாட்டத்தான் ஆதரிப்பன் எண்டு ஒரு வசனம். எந்த நாட்ட? பாஸ்போர்ட்டுல இருக்கிறதயா, கிரிக்கெட் பாக்கேக்க நான் கத்துறதயா, இல்ல அப்பா நாடு எண்டு சொல்லேக்க அவர்ர மனசுல இருக்கிறதயா? கால் மணித்தியாலம் அதுலயே கிடந்து, "கொஞ்சமும் ஒத்துக்கல்ல" எண்டு அமத்திட்டு, பிறகு கிரிக்கெட்ட நினைச்சு ஒரு மாதிரியாப் போச்சு.

முடிவுல நாலு பெட்டி போட்ட ஒரு படம், இடம் வலம் பொருளாதாரமாம், மேல் கீழ் அதிகாரமாம், என்ட புள்ளி இடதுபக்கம் கீழ்ப்பெட்டிக்குள்ள விழுந்திச்சு. சரி, நான் இடதுசாரி.

ஜூன் 5, வியாழன்

பகல் நித்திர முறிஞ்சு எழும்பி அப்பாட்ட காட்டினன். கொம்பஸ் எண்டதும் "திசைகாட்டிக்காரன்ட வேலையா?" எண்டார். அவருக்குத் திசைகாட்டி எண்டா தேசிய மக்கள் சக்திர சின்னம். இல்லப்பா இது வெளிநாட்டுக்காரன் செய்தது எண்டு விளங்கப்படுத்தி, இடது வலது எண்ட கதையே 1789-ல பிரான்ஸ் சபையில ராசாவுக்கு ஆதரவானவங்க வலப்பக்கம் இருந்ததால வந்தது எண்டும் சொன்னன். "ஆரோ கதிரையில இருந்த ஒழுங்குக்கா இவ்வளவு அடிபாடு" எண்டார். அவர் விளையாட்டாச் சொன்னாரா எண்டு தெரியா.

அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில வேல செய்தவர், வைக்கோல அவிச்சுக் கூழாக்கிற பகுதி. ஷிப்ட் முடிஞ்சு வரேக்க சேட்டுல ஒரு அவிஞ்ச மணம் வரும், அம்மா அத வாளிக்குள்ள தனியா ஊறப்போடுவா. தொழிற்சங்கக்காரர் வேற. சமசமாஜிகள, அந்தப் பழைய இடதுசாரிக் கட்சிக்காரங்கள, அவருக்கு அவ்வளவு பிடிக்கும். 1956-ல சிங்களம் மட்டும் சட்டம் வரேக்க, ரெண்டு மொழியெண்டா ஒரு நாடு, ஒரு மொழியெண்டா ரெண்டு நாடு எண்ட கருத்துல அவங்கட தலைவர் ஒருத்தர், கொல்வின் ஆர். டி சில்வா, எச்சரிச்சத இண்டைக்கும் சொல்லுவார். ஆனா 1972-ல குடியரசு அரசியலமைப்ப ஆக்கின அமைச்சரும் அதே கொல்வின்தான், பௌத்தத்துக்கு முதலிடம் குடுத்ததும் பழைய அரசியலமைப்புல சிறுபான்மைக்குப் பாதுகாப்பா இருந்த 29-ஆம் பிரிவு இல்லாமப் போனதும் அதுலதான். இதச் சொன்னா அப்பா பேசமாட்டார், எழும்பிப் போய்க் கோழிக்குத் தீனி போடுவார்.

அரசாங்கம் தொழிற்சாலை நடத்தலாமா எண்டு கேட்டா "நடத்தத் தெரிஞ்சா நடத்தலாம்" எண்டுறார். 2021-ல ரசாயனப் பசளைய ஒரேயடியா நிப்பாட்டினப்ப கிரான் பக்கம் மாமாட வயல் மஞ்சளாப்போன மாதிரி நடத்திறதெண்டா வேணாமாம். இந்தப் பதிலுக்குப் பெட்டி எங்க இருக்கு?

போன நவம்பர்த் தேர்தல்ல அவர் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டார், அது தமிழரசுக் கட்சி. அம்மா திசைகாட்டிக்கு. நாடு முழுக்க 22 மாவட்டத்துல 21-அத் திசைகாட்டி வெல்ல, மிஞ்சின ஒண்டு எங்கட மட்டக்களப்பு, வீட்டுக்கு 3 ஆசனம், திசைகாட்டிக்கு 1, முஸ்லிம் காங்கிரசுக்கு 1. அப்ப எங்கட மாவட்டம் இடதா வலதா? எங்கட இடது வலதெல்லாம் பொருளாதாரத்தால பிரிஞ்சதில்ல, கொழும்போட எவ்வளவு தூரம் எண்டதாலதான் பிரிஞ்சது.

ஜூன் 8, ஞாயிறு

நேத்து ஹஜ்ஜுப் பெருநாள். ஓட்டமாவடிக் கூட்டாளி வீட்ட மத்தியானம் சாப்பாடு, உம்மா விடவே இல்ல, மூணாந்தரமும் போட்டா.

அவன் வேன் ஓடுறான், வெள்ளைக்காரங்கள ஏத்தி அறுகம்பைக்கு இறக்கிறது. போன ஒக்டோபர்ல அமெரிக்க எம்பசி அறுகம்பைக்குப் போகாதீங்க எண்டு எச்சரிக்க விட்டப்ப, அங்க இருந்த இஸ்ரேல்காரங்களுக்கு ஆபத்தாம் எண்டு, ஒரு கிழமைக்கு ஒரு ஹயரும் இல்லாம இருந்தான். அவன்ட வீட்டுச் சுவர்ல பலஸ்தீனக் கொடி, வேன்ல அப்பப்ப இஸ்ரேல்காரன். "காசு காசுதான் மச்சான், ஆனா இறக்கி விட்டுட்டு வரேக்க ஓதிக்கிட்டு வருவன்" எண்டான்.

இவன எந்தப் பெட்டிக்குள்ள போடுற? இலங்கையவும்தான். 1970-ல சிறிமாவோ இஸ்ரேலோட உறவ நிப்பாட்டினா, 1984-ல ஜே.ஆர். அமெரிக்க எம்பசிக்குள்ள அவங்களுக்கு ஒரு பிரிவு திறந்து குடுத்தார், 1988-ல பலஸ்தீனத்த அங்கீகரிச்சம், 1990-ல பிரேமதாச அந்தப் பிரிவ மூடினார், 2000-ல திரும்பவும் உறவு. இப்ப எங்கட பொடியன்மார் அங்க தோட்ட வேலைக்குப் போறாங்க. நாடே வேன் ஓட்டுது.

ஜூன் 14, சனி, ராவு 11

இஸ்ரேல் நேத்து ஈரானுக்கு அடிச்சிட்டு. லொபி டீவியில அதுதான் ஓடுது. ஒல்லாந்தர் போய்க் கன நாள், இப்ப ஒரு ஜேர்மன் தாத்தா, தான் ரியலிஸ்ட் எண்டு சொல்லிக்கிறார். பலம்தான் பேசும், நியாயம் பிறகு வரும் எண்ட கட்சி.

இந்த வெளிநாட்டுக் கொள்கை லேபிளெல்லாம் ராவு ராவா வாசிச்சுப் பார்த்தன். பருந்து எண்டா அடி எண்டுறவன், புறா எண்டா பேசு எண்டுறவன். லிபரல் எண்டா சட்டத்தையும் ஐநாவையும் நம்பிறவன். ஐசோலேசனிஸ்ட் எண்டா எங்கட வேலியத் தாண்டி எங்களுக்கென்ன எண்டுறவன். எல்லாம் விளங்குது. ஆனா எல்லாத்திலயும் ஒரு விசயம் உறுத்துது, இதெல்லாம் கப்பல் வைச்சிருக்கிறவன்ட கேள்வி. போகவா வேணாமா, அடிக்கவா விடவா. கரையில நிண்டு கப்பல் வாறதப் பாக்கிறவனுக்கு என்ன லேபிள்?

சிங்களத்துல ஒரு சொலவடை இருக்கு, இஞ்சியக் குடுத்து மிளகாய வாங்கின மாதிரி எண்டு. போர்த்துக்கீசர விரட்டக் கண்டி ராசா ஒல்லாந்தரக் கூட்டி வந்த கதை. 1638-ல அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து முதல் பிடிச்சது எங்கட மட்டக்களப்புக் கோட்டையத்தான். மிளகாய் வந்து இறங்கின வாசலே நாங்கதான்.

அப்பா 1987 ஜூலையில இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து இந்திய ஆமி வந்தப்ப மாலை போட்டவங்கள்ல ஒராள். செவ்வரத்தம்பூ மாலையாம், அம்மம்மா கட்டினது. அதுவரைக்கும்தான் சொல்லுவார். ஒக்டோபர்ல அந்த ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கின பிறகு நடந்தத நான் கேட்டதில்ல, 1990 மார்ச்சுல அவங்க போனதையும் அவர் சொன்னதில்ல.

ஜூன் 19, வியாழன்

அணிசேராமை, எந்த வல்லரசுட பக்கமும் சேராம நிக்கிறது. இதுதான் எனக்குச் சரி எண்டு ரெண்டு நாளா நினைச்சுக்கிட்டு இருந்தன். 1961 பெல்கிரேட்ல இருந்தே நாங்க உள்ளுக்க, 1976-ல கொழும்புல மாநாடு, சீனா கட்டிக் குடுத்த மண்டபத்துல. அணிசேராக் கூட்டத்துக்கே ஒரு அணிட மண்டபம் எண்டு கூட்டாளி நக்கலடிக்கிறான்.

ஆனா எனக்குப் பிடிச்ச கதை அதில்ல, 1952 றப்பர்-அரிசி ஒப்பந்தம். மேற்குக்குச் சாய்ஞ்ச யூஎன்பி அரசாங்கம், கம்யூனிசத்தக் கண்டா ஆகாத ஆக்கள், ஆனா அரிசி இல்ல. சீனாவோட ராசதந்திர உறவே இல்லாத நேரம், அமெரிக்கா முகத்தச் சுழிக்க, றப்பரக் குடுத்து அரிசிய வாங்கினாங்க. வயிறு எந்த லேபிளையும் வாசிக்காது போல. அங்கால திசைகாட்டிக்காரங்கட தாய்க்கட்சி ஜேவிபியப் பாருங்க, ஒரு காலம் இந்திய விஸ்தரிப்புவாதம் எண்டு வகுப்பே எடுத்த கட்சி, 2006-ல இணைஞ்சிருந்த வடக்கு கிழக்கு மாகாணத்தப் பிரிக்க உயர்நீதிமன்றம் போன கட்சி. அதே கட்சிர அனுர ஜனாதிபதியாகி முதல் வெளிநாட்டுப் பயணமாப் போனது டெல்லிக்கு. இந்த ஏப்ரல்ல மோடி வந்து பாதுகாப்பு உடன்பாடும் கைச்சாத்து.

நான் குறை சொல்லல்ல. கடன் அடைக்க ஏலாது எண்டு 2022-ல நாடு கைய விரிச்சப்ப நானும் பெற்றோல் கியூவுல ரெண்டு ராவு படுத்தவன்தான், இந்தியாட டீசல் கப்பல் வருது எண்ட நியூஸுக்குக் கை தட்டினவன்.

ஜூன் 24, செவ்வாய், விடிய 4.15

எழுத ஏலாம இருக்கு, ஆனா எழுதாம நித்திரயும் வராது.

ராவு பத்து மணி கழிஞ்சு அக்கா போன் எடுத்தா, அழுகை மட்டும்தான் கேட்டிச்சு. கத்தார்ல அமெரிக்கன்ட அல் உதெய்த் தளத்துக்கு ஈரான் மிசைல் அடிச்சிட்டு. அத்தான் தோஹாவுல, இன்டஸ்ட்ரியல் ஏரியாவுல காம்ப். லைன் கிடைக்கல்ல. டீவிய அங்க மாத்தி இங்க மாத்தி, ஜேர்மன் தாத்தாவும் பக்கத்துல வந்து நிண்டார், ஒண்டும் பேசல்ல, ரியலிசமும் பேசல்ல, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி எடுத்துத் தந்தார்.

பன்னெண்டு மணிபோல வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ வந்திச்சு. கறுப்பு வானம், அதுல சின்னச் சின்ன வெளிச்சம் மேல ஏறிப் போய் அணையுது, பின்னால மலையாளத்துலயும் தமிழ்லயும் ஆக்கள் கத்துறாங்க, ஒருத்தன் "டேய் உள்ளுக்க வாடா" எண்டுறான், அது அத்தான்ட குரல். அதுக்குப் பிறகு ஒரு வொய்ஸ்: "ஒண்டுமில்ல, சாப்பிட்டன், புள்ளட்ட சொல்லாத." ஒருத்தரும் சாகல்ல எண்டு பிறகு நியூஸ்ல சொன்னாங்க.

நான் ஆர்ட பக்கம் எண்டு அந்த ரெண்டு மணித்தியாலம் ஒருக்காவும் யோசிக்கல்ல. ஈரான்ல கோபமில்ல, அமெரிக்காவுல கோபமில்ல. அந்த வெளிச்சம் காம்புக்குத் தூரத்துல விழட்டும் எண்டு மட்டும் மாமாங்கேஸ்வரருக்கு நேந்தன். வேற எங்கயோ விழட்டும் எண்டுதானே அதுக்கு அர்த்தம், அங்கயும் ஆர்ர அத்தானோ இருப்பான்.

ஜூன் 26, வியாழன்

யுத்த நிறுத்தம் எண்டுறாங்க. கட்டார் விமானமும் திரும்ப ஓடுதாம்.

இங்க வேற கதை. ஐநா மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டர்க் வந்திருக்கார், நேத்து யாழ்ப்பாணத்துச் செம்மணிக்குப் போனார், புதைகுழியப் பார்த்தார். குழந்தை எலும்பும் எடுத்த குழி. அணையா விளக்கு எண்டு சனம் மூணு நாள் அங்க விளக்கு ஏத்தி இருந்திச்சு. நான் பின்னேரம் முழுக்க அத ஷெயார் பண்ணி, சர்வதேசம் தலையிடணும் எண்டு எழுதிப் போட்டன்.

கூட்டாளி ஹோட்டல் வாசல்ல வேன நிப்பாட்டிட்டு வந்தான். "மச்சான், போன கிழமை ஆரும் ஆர்ட நாட்டுக்குள்ளயும் தலையிடப்படாது எண்டு எழுதின, இந்தக் கிழமை தலையிடு எண்டு எழுதிற." அது குண்டு, இது விசாரணை, ரெண்டும் ஒண்டா எண்டன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னன்.

அவன் சத்தம் போடல்ல. "சரி. 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலுக்குள்ள தொழுதுகொண்டிருந்தவங்களப் புலிகள் சுட்டதுக்கு ஆர் வரணும் எண்டு நீ எப்பயாவது எழுதினியா?" எண்டான்.

எழுதல்ல. எனக்கு அப்ப வயசு இல்ல, பிறக்கவே இல்ல எண்டு சொல்ல வாயெடுத்து விட்டுட்டன், செம்மணி நடக்கேக்கயும் நான் கைக்குழந்தைதானே. கெஸ்ட் வந்து ஏற, அவன் கையக் காட்டிட்டுப் போயிட்டான். கோபமில்ல, ராவு வழமை போல மெசேஜ் போட்டான், அறுகம்பையில மழையாம்.

ஜூன் 29, ஞாயிறு

ஓஃப். அப்பா தானாக் கேட்டார், "அந்தத் திசைகாட்டிய எடு மனே, நானும் செய்து பாக்கிறன்." முத்தத்துக் கதிரையில இருந்து நான் வாசிச்சுத் தமிழ்ல சொல்ல, அவர் பதில் சொல்ல. ஒவ்வொண்டுக்கும் ஒரு கதை, நாலு பதிலுக்குள்ள அடங்காது. எதிரிக்கு எதிரி நண்பன் எண்ட வசனத்துக்கு "கிழக்குல இருந்துகொண்டு இதக் கேக்கிறானா" எண்டு சிரிச்சு, கொஞ்சமும் ஒத்துக்கல்ல எண்டு தானே விரலால அமத்தினார்.

என்ட நாடு எண்ட வசனத்துல நிண்டுட்டார்.

"அத விடு, அடுத்தத வாசி."

விட ஏலாதுப்பா, எல்லாத்துக்கும் அமத்தினாத்தான் அடுத்த பக்கம் போகும்.

கண்ணாடியக் கழட்டி சாரத்துல துடைச்சார், திரும்பப் போட்டார். அம்மா பிளேன்டீ கொண்டு வந்து வைச்சா. கத்தார்ல இருந்து அக்காவுக்குக் கோல் வந்திச்சு, அத்தான் லீவு கிடைச்சிட்டு, வெள்ளி கட்டுநாயக்கா. அப்பா போனத் திண்ணையில வைச்சிட்டு எழும்பிட்டார், வேனுக்குச் சொல்லணும், கூட்டாளிட்ட ஒரு வார்த்த கேள் எண்டார். மெசேஜ் போட்டன். "நான் வாறன், காசு கதைக்காத" எண்டு உடன பதில்.

போன் ஸ்கிரீன்ல அந்தப் பக்கம் இன்னும் திறந்து கிடக்கு. சார்ஜ் 9 வீதம்.